தேசிக்காய் காட்டிய வெள்ளம்

என்னைப் பயந்தாங்கொள்ளி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வராது. விஞ்ஞான ஆசிரியர் என்று சொன்னால்தான் இப்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

கலஹாவில் பஸ்ஸை விட்டு இறங்கி அரை மணி நேரம் மேலே ஏறினால் வருகிற தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையில் இருபத்து இரண்டு வருடமாக விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பூனை குறுக்கே போனால் என்ன, பல்லி கத்தினால் என்ன, ஆதாரம் எங்கே என்று வகுப்பு வகுப்பாகக் கேட்டவன். பிள்ளைகள் எனக்கு 'ஆதாரம் சேர்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். (சேர் என்றால் எங்கள் பக்கத்தில் வாத்தியார். இப்போது எனக்கு வேறு பெயர். அதற்குப் பிறகு வருகிறேன்.)

எனக்கு ஒரே மகள், தர்ஷினி. அவள் பேராதனையில் அறை எடுத்து பொறியியல் படித்த நான்கு வருடமும் நான் நிம்மதியாக ஒரு தேநீர் குடித்ததில்லை. பஸ் ஏறினாளா, இறங்கினாளா, குடை எடுத்தாளா. வாரா வாரம் அவளுக்குச் சாப்பாட்டுப் பொதி கட்டி அனுப்புவேன். ஒரு முடிச்சு போட்டால் அவிழ்ந்துவிடும் என்று பயம். இரண்டு போட்டால் அவிழ்ந்துவிடுமோ என்று பயம். ஆகவே மூன்று. முதல் முடிச்சுக்கு மேல் இரண்டாவது, அதைக் குறுக்காகச் சுற்றி மூன்றாவது. அவளுடைய அறைத் தோழிகள் அந்தப் பொதிக்காகவே ஒரு கத்தரிக்கோல் வாங்கி வைத்திருந்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

கடைசி வருட ஆய்வுக்கு அவள் எடுத்துக்கொண்டது தண்ணீர். எங்கள் தோட்டத்தில் மேல் மலை ஓடையிலிருந்து ஒரு சீமெந்துக் கான், அதாவது சின்ன வாய்க்கால், இறங்கி வருகிறது. தேயிலைக்கு நடுவே வளைந்து வரும் தண்ணீரில் ஒரு பங்கு கீழ் லயத்துப் பீலிக் குழாயில் விழும். லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற சனம் குடிப்பது, குளிப்பது, துவைப்பது எல்லாம் அந்தப் பீலியில்தான். மழைக்காலத்தில் அந்தக் கான் எவ்வளவு தண்ணீர் கொண்டுவருகிறது, எப்போது ஆபத்து என்பதை ஆள் போய்ப் பார்க்காமலே அறிய வேண்டும். இதுதான் அவள் திட்டம்.

செய்த விதம் அழகானது. கானுக்குக் குறுக்கே ஒரு தகடு. தகட்டின் நடுவில் ஆங்கில V எழுத்து மாதிரி ஒரு வெட்டு. வருகிற தண்ணீர் எல்லாம் அந்த வெட்டு வழியாகத்தான் போயாக வேண்டும். அதிகம் வந்தால் வெட்டில் உயர்ந்து ஓடும், குறைந்தால் தாழ்ந்து ஓடும். உயரம் தெரிந்தால் வினாடிக்கு எத்தனை லீட்டர் என்று கணக்குப் போட்டுவிடலாம். தகட்டுக்குச் சற்று முன்னால், கானுக்கு மேலே ஒரு குழாயை நீட்டி, அதன் நுனியில் ஒரு சின்னப் பெட்டி மாட்டினாள். அதன் அடியில் ஒற்றைக் கண் மாதிரி ஒரு சென்சர். அது கீழ் நோக்கி நமக்குக் கேட்காத ஒரு சத்தத்தை அனுப்பும். சத்தம் தண்ணீரில் பட்டுத் திரும்ப எடுக்கும் நேரத்தை வைத்துத் தண்ணீர் மட்டத்தைச் சொல்லும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எங்கள் போனுக்கு அளவு வரும்.

எங்கள் போன் என்றால் மூன்று போன்: அவளுடையது, அவளுடைய விரிவுரையாளருடையது, என்னுடையது. (என் எண்ணைச் சேர்க்கும்படி நான் கேட்டதில் கெஞ்சல் இருந்தது என்று மனைவி சாந்தி சொல்கிறாள். இருந்திருக்கலாம்.)

விரிவுரையாளர் சிங்களவர், நல்ல மனிதர், ஆனால் கறார். ஏழு நாள் இடைவிடாமல் நம்பத்தகுந்த அளவுகள் வந்தால்தான் அறிக்கையைக் கையில் வாங்குவேன் என்று சொல்லிவிட்டார். அறிக்கை கொடுக்க அதிக நாள் மிச்சமில்லை. வாங்காவிட்டால் அவள் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும். தர்ஷினி பெட்டியை மாட்டிவிட்டு, கணக்கு வேலைக்காகப் பேராதனைக்குப் போனாள். போகும்போது என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று.

"அப்பா, நீங்க ஒண்ணும் செய்யாம இருந்தாப் போதும்."

அது ஓகஸ்ட் விடுமுறை. ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு எனக்கு முழு நாளும் இருந்தது. ஐந்து நாள் நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு சென்ரிமீற்றர். பன்னிரண்டரை. பன்னிரண்டு. என் வாழ்க்கையில் எந்தத் தொடர் நாடகத்தையும் அவ்வளவு ஆவலாகப் பார்த்ததில்லை.

ஐந்தாம் நாள் சனிக்கிழமை, கீழ் லயத்து ராக்கம்மா அக்கா வழியில் என்னைப் பிடித்துக்கொண்டார். பெட்டியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"எம்மாம் படிப்பு சேர் ஒங்க மக. இந்தத் தோட்டத்துல எந்தப் புள்ளைக்கு இப்பிடி வாய்ச்சிருக்கு."

அவ்வளவுதான் சொன்னார். பெருமூச்சு ஒன்று விட்டார். அந்தப் பெருமூச்சுதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஏனென்றால் ராக்கம்மா அக்கா மெச்சிய முருங்கை மரம் விழுந்திருக்கிறது. மெச்சிய பசு பால் வற்றியிருக்கிறது. மரம் காற்றில் விழுந்தது, பசுவுக்கு வயது என்று வகுப்பில் நானே விளக்கியிருக்கிறேன். ஆனால் அதெல்லாம் மற்றவர்களுடைய மரமும் பசுவும்.

ஞாயிறு காலை, சாந்தி பீலிக்குப் போன நேரத்தில், குசினியில் கூடையில் இருந்த ஒரே தேசிக்காயையும் ஏழு பச்சைக் கொச்சிக்காயையும் (எலுமிச்சம்பழமும் மிளகாயும்தான்) எடுத்துக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கானுக்கு ஏறினேன். யாரும் இல்லை. இருந்தாலும் நாலு பக்கமும் பார்த்தேன். ஊரில் ஓட்டோக்காரர்கள் முன்னால் கட்டித் தொங்கவிடுவார்களே, அதே மாதிரி நூலில் கோத்தேன். எங்கே கட்டுவது என்பதில்தான் என் விஞ்ஞான மூளை வேலை செய்தது. கண்பட்டது எதன் மேல்? பெட்டியின் மேல். பெட்டியில் முக்கியமானது எது? அந்த ஒற்றைக் கண். ஆகவே அந்தக் கண்ணுக்கு நேர் கீழே தொங்க வேண்டும். நூல் குட்டையாக இருந்தால் யார் கண்ணிலும் படாது என்று கொஞ்சம் நீளமாகவே விட்டேன். மூன்று முடிச்சு போட்டேன். மனம் லேசானது. விசில் அடித்துக்கொண்டு வீட்டுக்கு இறங்கினேன்.

வாசலில் கால் வைக்கும்போது போன் அலறியது.

நாற்பத்தொன்று.

பன்னிரண்டு இல்லை, நாற்பத்தொன்று. இந்த V வெட்டில் ஒரு விசேஷம் உண்டு. மட்டம் மூன்றரை மடங்கு ஏறினால் தண்ணீரும் மூன்றரை மடங்கு என்று நினைக்கக் கூடாது. இருபது மடங்குக்கு மேல் ஏறும். வினாடிக்கு ஏழு லீட்டராக இருந்தது நூற்று ஐம்பதைத் தொட்டு நின்றது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பிள்ளை சென்சர் மாட்டிய வாரத்திலேயே ஒரு பெரிய தண்ணீரைப் பிடித்துவிட்டது. தேசிக்காய் கட்டி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, பலன் பாருங்கள் என்று நினைத்தேன். (சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். ஆதாரம் சேர்.)

உள்ளே சாந்தி கூடையைக் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருந்தாள். மீனுக்குப் பிழியலாம் என்று பார்த்தால் தேசிக்காயைக் காணவில்லையாம். எலி எடுத்திருக்கும் என்றேன். எந்த எலி ஏழு கொச்சிக்காயும் சேர்த்து எடுக்கும் என்று அவள் கேட்பதற்குள் தர்ஷினி அழைத்தாள்.

"அப்பா, அங்க மழையா?"

வெளியே வெயில் கொளுத்தியது. இங்கே இல்லை, மேல் மலையில் பெய்திருக்கும் என்றேன்.

"நீங்க இன்னிக்குக் கானுக்குப் போனீங்களா?"

"சும்மா பாத்துட்டு வந்தேன்மா."

"எதையும் தொடலதானே? உண்மையச் சொல்லுங்க."

"தொடல."

(பெட்டியைத் தொடவில்லை. பெட்டி மாட்டிய குழாயைத்தான் தொட்டேன். இந்த விளக்கத்தை அப்போதே மனதுக்குள் தயார் செய்து வைத்திருந்தேன்.)

அவள் குரல் மாறியது. பிறகு, அப்படியானால் விரிவுரையாளருக்குச் சொல்கிறேன், அப்பா நேரில் பார்த்தார், எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்கிறேன் என்றாள். அவள் சந்தோஷத்தில் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. அந்த இடத்தில் வாயைத் திறந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நான் திறக்கவில்லை. அவ்வளவு சந்தோஷமான ஒரு குரலிடம் தேசிக்காய் பற்றி எப்படிப் பேசுவது?

அடுத்த ஐந்து நிமிடம், நாற்பத்தொன்று. அதற்கடுத்ததும் நாற்பத்தொன்று. ஒரு மில்லிமீற்றர் கூட ஆடவில்லை. என்ன ஒழுக்கமான வெள்ளம் என்று வியந்தேன். பதினொரு மணிக்கு மலையில் காற்று எழுந்தது. போன் அடித்தது. பன்னிரண்டு. மறுபடி நாற்பத்தொன்று. மறுபடி பன்னிரண்டு. மறுபடி நாற்பத்தொன்று.

இங்கேதான் என் படிப்பு என்னைக் கவிழ்த்தது. படிக்காதவனாக இருந்திருந்தால் போன் பழுது என்று தூக்கி வைத்திருப்பேன். நானோ அனர்த்த முகாமைத்துவப் பயிற்சிக்குப் போய் வந்தவன். ஓடைத் தண்ணீர் திடீரென்று குறைந்தால், மேலே மண் சரிந்து ஓடையை அடைத்திருக்கலாம், பின்னால் தேங்கும் தண்ணீர் உடைத்துக்கொண்டு மொத்தமாக வரும் என்று அங்கே சொல்லித் தந்தார்கள். அடைக்கிறது, உடைகிறது, அடைக்கிறது, உடைகிறது. கீழ் லயத்தில் பதினெட்டுக் குடும்பம்.

முந்தின மழைக்காலம் அந்தச் சனம் மூன்று நாள் எங்கள் பாடசாலையில் படுத்திருந்ததை நான் பார்த்தவன். செருப்புப் போடவும் நேரமில்லாமல் ஓடினேன். லயத்து முனையில் நின்று கத்தினேன். தண்ணி வருது, எல்லாரும் ஸ்கூலுக்குப் போங்க, சாமான் வேண்டாம், உயிரைக் காப்பாத்துங்க.

சேர் சொன்னால் சனம் கேட்கும். அதுதான் கொடுமை. ஞாயிற்றுக்கிழமை ஆனபடியால் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். சாமான் வேண்டாம் என்றது யாருக்கும் கேட்கவில்லை போல. டீவி வந்தது, கேஸ் சிலிண்டர் வந்தது, ஒரு கலியாணப் படம் கண்ணாடிச் சட்டத்தோடு வந்தது. ஒருவர் ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். ராக்கம்மா அக்கா அடுப்பிலிருந்த சோற்றுப் பானையை அப்படியே இறக்கித் தலையில் வைத்துக்கொண்டார். கொளுத்தும் வெயிலில், ஒரு துளி மழை இல்லாத வானத்துக்குக் கீழே, பதினெட்டுக் குடும்பமும் மேட்டில் ஏறியது.

ஒரே ஒருவர் மட்டும் நகரவில்லை. பீலியடியில் பெரியசாமி அண்ணன் தலை முதல் கால் வரை சோப்பு நுரையோடு நின்றார். பீலியில் வழக்கம் போல விரல் தண்டிக்குத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"சேர், வெள்ளம் வருதுங்கிறீங்க. இங்க சோப்பு போகவே தண்ணி காணாது. எந்த வழியா வருது?"

நான் பீலியைப் பார்த்தேன். போனைப் பார்த்தேன். போன் நாற்பத்தொன்று என்றது. கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டுப் போனை நம்பினேன்.

"அதாண்ணே ஆபத்து. இது அடைச்ச தண்ணி. ஒடனே ஏறுங்க."

பாவம் மனிதர், நுரையோடு ஏறினார்.

பாடசாலை மண்டபத்தைத் திறந்து கதிரை போட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு வேன் வந்து நின்றது. தர்ஷினி இறங்கினாள். பின்னால் விரிவுரையாளர், ஞாயிற்றுக்கிழமை அதுவுமாக, முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு. அவர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். இருபது வருடமாகக் கான்களையும் வாய்க்கால்களையும் அளக்கிறாராம். வெள்ளம் ஏறுகிற நேரத்தில் ஒரு மாணவியின் சென்சர் வேலை செய்ததைக் கண்டதே இல்லையாம். மண்டபத்தில் சனமும் டீவியும் ஆடுமாக இருப்பதைப் பார்த்து, எச்சரிக்கை வந்து சனமும் நேரத்துக்கு மேடேறிவிட்டது என்று படம் எடுத்தார். என் கையைப் பிடித்துக் குலுக்கி, பாதித் தமிழில் சொன்னார்.

"சேர், உங்க மகள் பெரிய வேலை செஞ்சிருக்கு."

என் கண் கலங்கிவிட்டது. தர்ஷினியும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அவள் தரம் ஐந்து புலமைப்பரிசில் பாஸ் பண்ணிய நாளுக்குப் பிறகு நான் பார்த்ததில்லை. தேசிக்காய் என்று ஒன்று உலகத்தில் இருப்பதையே அந்த நேரத்தில் நான் மறந்துபோயிருந்தேன்.

நினைவு வந்தது, எல்லோரும் கானை நோக்கி ஏற ஆரம்பித்த பிறகு. விரிவுரையாளர் முன்னால், தர்ஷினி அடுத்து, பிறகு சாந்தி, ராக்கம்மா அக்கா, நுரை காய்ந்து வெள்ளை வெள்ளையாக நின்ற பெரியசாமி அண்ணன், கடைசியில் நான். வழி ஆபத்து, நான் முதலில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். ஒருவரும் விடவில்லை. கால் சுளுக்கிவிட்டது என்று உட்கார்ந்தேன். பெரியசாமி அண்ணன் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

கானில் தண்ணீர் தன் பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு சென்ரிமீற்றர். தர்ஷினி போனைப் பார்த்தாள். தண்ணீரைப் பார்த்தாள். மறுபடியும் போனைப் பார்த்தாள். பிறகு பெட்டிக்குக் கீழே மஞ்சளாக ஒன்று, சுற்றிலும் பச்சைக் கொச்சிக்காயோடு, காற்றில் மெல்ல ஆடுவதைப் பார்த்தாள். போனிலிருந்தே சென்சரை உடனுக்குடன் அளக்கவைத்தாள். ஆடி விலகியதும் போன் பன்னிரண்டு என்றது. நேரே வந்து நின்றதும் நாற்பத்தொன்று என்றது.

விரிவுரையாளர் குனிந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மெதுவாகச் சிங்களத்தில் சொன்னார்.

"மேக்க தெஹி நே."

இது தேசிக்காய் அல்லவா என்று அர்த்தம்.

யார் கட்டியது என்ற கேள்வி எழுந்தது. எல்லோரும் ராக்கம்மா அக்காவைப் பார்த்தார்கள். அவர் இடுப்பில் கை வைத்தார்.

"நான் இல்லப்பா. நான் கண்ணு வைப்பேன்னு சொல்லுவாங்க. கட்டுவேன்னு இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல."

தர்ஷினி அதை அவிழ்க்கக் கை நீட்டினாள். முதல் முடிச்சில் நகம் வைத்தாள். வரவில்லை. இன்னும் உற்றுப் பார்த்தாள். அவள் விரல் முதல் முடிச்சிலிருந்து இரண்டாவதுக்குப் போய், குறுக்காகச் சுற்றி மூன்றாவதில் நின்றது.

"இது அப்பா முடிச்சு," என்றாள்.

"அது என் தேசிக்காய்," என்றாள் சாந்தி.

வகுப்பில் பிடிபட்ட பிள்ளைகள் ஏன் வாயே திறக்காமல் தரையைப் பார்க்கிறார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "தொடலன்னு சொன்னீங்களே அப்பா" என்று மட்டும் கேட்டாள். கண்ணில் நீர் நின்றது. ஆறு நாள் அளவு போயிற்று. அவளுடைய வார்த்தையை நம்பி வந்த மனிதர் பக்கத்தில் நிற்கிறார். தயார் செய்து வைத்திருந்த குழாய் விளக்கம் ஒரு சொல் கூட வெளியே வரவில்லை. நான் பொய் சொன்னேன், பிள்ளை மேல் பிழை இல்லை என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விரிவுரையாளரிடம் சொன்னேன். என் சிங்களம் அவ்வளவு நடுங்கியதைக் கேட்டு அவர்தான் என்னைச் சமாதானப்படுத்தினார்.

பிறகு விரல் மடக்கி எண்ணினார். அறிக்கைக்கு இன்னும் ஒன்பது நாள். நாளையிலிருந்து மறுபடி ஏழு நாள் ஓடவிடலாம், மயிரிழையில் தப்பலாம். ஆனால் இனிமேல் சென்சரை மட்டும் நம்பமாட்டாராம். தகட்டுக்குப் பக்கத்தில் அளவுகோல் நட்டு, பகலில் மணிக்கு ஒரு தடவை ஒரு மனிதர் கண்ணால் பார்த்து எழுத வேண்டும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். அந்த மனிதர் யார்?

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ராக்கம்மா அக்கா உட்பட. இந்தத் தடவை அந்தக் கண்ணுக்குப் பயப்பட எனக்கு உரிமை இல்லை.

கீழே இறங்கியதும் பார்த்தேன், விரிவுரையாளரின் வேன் முன்பக்கம் ஒரு தேசிக்காயும் ஏழு கொச்சிக்காயும் தொங்கின. நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். கொஞ்சம் வெட்கப்பட்டு, ஆனால் தான் அதை டிரைவரின் கண்ணை மறைக்கிற இடத்தில் கட்டுவதில்லை என்றார்.

ஏழு நாள். காலை ஆறு மணியிலிருந்து மாலை ஆறு வரை கானோரத்தில் ஒரு கதிரை, ஒரு குடை, ஒரு கொப்பி. காலில் அட்டை ஏறாமல் சவர்க்காரம் பூசிக்கொண்டேன். (பெரியசாமி அண்ணன் கொடுத்தது. மிச்சம் இருந்ததாம்.) கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் ஒவ்வொருவரும் கடக்கும்போது, "சேர், வெள்ளம் வருதா?" என்று அக்கறையோடு விசாரித்தார்கள். ராக்கம்மா அக்கா தினமும் வந்து அரைவேக்காட்டுச் சோற்றைப் பற்றி ஞாபகப்படுத்தினார்.

ஐந்தாம் நாள் பின்னேரம் உண்மையாகவே மழை வந்தது. கான் நிறம் மாறியது. பதின்மூன்று, பதினைந்து. குடை ஒரு பக்கம் பறக்க, கொப்பியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு அளவுகோலுக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்தேன். பத்தொன்பது என்று எழுதினேன். பைக்குள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தேன். பத்தொன்பது. அடுத்த நொடி தர்ஷினி அழைத்தாள், நான் என்ன எழுதினேன் என்று கேட்டாள், சொன்னேன். மழைக்கு மேலாக அவள் சிரிப்பது கேட்டது. அந்தச் சந்தோஷத்துக்கு இன்னொரு ஏழு நாள் வேண்டுமென்றாலும் அட்டைக்கு இரத்தம் கொடுத்திருப்பேன்.

அறிக்கை நேரத்துக்குப் போனது. தேசிக்காய் நாளின் வரைபடத்தையும் சேர்க்கச் சொன்னார் விரிவுரையாளர். உண்மையான தண்ணீர் எப்போதும் கொஞ்சமாவது நடுங்கும், நடுங்காமல் நிற்கிற அளவை நம்பாதே என்று தர்ஷினி சென்சருக்கு ஒரு விதி எழுதிச் சேர்த்தாள். வரைபடத்துக்குக் கீழே, அந்நியப் பொருளால் ஏற்பட்ட பிழை என்று போட்டிருந்தாள். வாய்மொழிப் பரீட்சையில் ஒருவர், அந்நியப் பொருள் என்றால் என்ன என்று கேட்டாராம்.

"என் அப்பா," என்றாளாம் இவள்.

பட்டம் கிடைத்தது. இப்போது அவள் ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஓடைகளில் இதே மாதிரி சென்சர் மாட்டுகிற வேலையில் இருக்கிறாள். நான் போன் சத்தம் கேட்டால் இன்றைக்கும் எழுந்து நிற்கிறேன். பாடசாலையில் என் பெயர் 'நாப்பத்தொண்ணு சேர்'. வீட்டிலும் அதே எண்தான். கண்ணெதிரே இருப்பதைப் பார்க்காமல் நான் ஒரே பயத்தில் பிடிவாதமாக நின்றால், சாந்தி கரண்டியைக் கூட வைக்காமல் "நாப்பத்தொண்ணு" என்பாள். பேச்சு அதோடு முடியும்.

நேற்றும் தர்ஷினியை அழைத்தேன். சாப்பிட்டாயா என்றேன். மேலே மழையா என்றேன். பூட்ஸ் போட்டிருக்கிறாயா, ஓடையில் தனியாக இறங்கவில்லையே என்றேன்.

"அப்பா, நாப்பத்தொண்ணு," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நானும் வைத்துவிட்டேன். ஐந்து நிமிடம் பொறுத்து மறுபடியும் எடுத்தேன். அவளுடைய சென்சரும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவைதானே கேட்கிறது.